இரண்டு தூளிக்கு ஒரு தார்ப்பாய்

தார்ப்பாய் வாங்க வருகிறவர்கள் முதலில் நீளத்தைத்தான் கேட்பார்கள். தலையும் காலும் நனையாமல் இருந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். காட்டில் மழை நேராக மேலிருந்துதான் இறங்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. காற்றடித்தால் அது பக்கவாட்டில் வரும். இரண்டு பேர் அடுத்தடுத்துப் படுத்திருக்கும்போது அகலம் இல்லாத தார்ப்பாய் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். பட்ட பிறகே இது மண்டையில் ஏறும். குருவி பட்டிருந்தாள். அதனால் கடைப்படி ஏறியதுமே அகலத்தைச் சொல்லுங்கள், நீளத்தை அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். விவரம் தெரிந்த ஆளோடு வியாபாரம் பேசுவதில் அவருக்கு ஒரு சுகம். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, எத்தனை பேருக்கு, எந்த மாதிரி இடத்துக்கு என்று ஆரம்பித்தார். குருவி வாயைத் திறப்பதற்குள் கூட வந்த அவள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"இருக்கறதுலயே அகலமானதா எடுங்க. எனக்கும் இடம் வேணும்ல."

கடைக்காரர் அவருடைய அகலத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார். குருவி மட்டும் சிரிக்கவில்லை. வாரைப் பிடித்து இழுத்து வந்த பையைக் கீழே விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காட்டில் கட்டிப் படுக்கும் பழைய தூளிகள் இரண்டும் அந்தப் பைக்குள் இருந்தன. வெறும் துணிதான். ஆனால் காரிலிருந்து கடைக்கு வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

குருவி அவளுடைய சொந்தப் பெயரில்லை. கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவள் தையல்காரி. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. கல்யாணமான புதிதில் புருஷன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவர் ஏறினால் லிஃப்ட் தானாகவே கீழ்த்தளத்துக்குப் போய்விடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். "யானையும் குருவியும் குடும்பம் நடத்துற அதிசயத்தப் பாரு" என்பாள் குருவியின் அக்கா.

இந்த யானைக்கும் குருவிக்கும் இருந்த ஒரே பைத்தியம் காடு. லீவு கிடைத்தால் போதும், கிளம்பிவிடுவார்கள். மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் துணிப்படுக்கைக்குக் கடைகளில் என்னென்னவோ பெயர் சொல்வார்கள். இவர்கள் வீட்டில் அது தூளிதான். பட்டறையில் மிஞ்சிய சீட் துணியில், கனத்த ஊசி போட்டு, குருவியே தன் கையால் தைத்த தூளிகள். வீட்டில் நல்ல கட்டில் இருக்கும்போது காட்டில் போய் வௌவால் மாதிரித் தொங்குவானேன் என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தத் தூளிகளைக் கட்டுவதில் இவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள், கட்டவும் கூடாது. முதல்முறை போனபோது கயிறு பத்தவில்லை. மற்றவர்களாக இருந்தால் திரும்பிப்போய் வாங்கி வந்திருப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, அவர் தன் புத்தியைக் காட்டினார். மரத்துக்கொரு இரும்பு வளையம் கட்டினார். வளையத்துக்குள் கயிற்றை விட்டு, ஒரு நுனியில் தன் தூளியையும் மறு நுனியில் குருவியின் தூளியையும் முடிந்தார். தராசு மாதிரி ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறும். ஒரு சாணுக்கு மேல் போகாதபடி கயிற்றில் ஒரு முடிச்சு. "லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு நெனச்ச? ஒரு பக்கம் ஆள், மறுபக்கம் எடைக்கல்லு. நான் உனக்கு எடைக்கல்லு" என்றார்.

அவர் ஏறிப் படுத்தால் குருவி ஒரு சாண் மேலே போவாள். அவர் இறங்கினால் பொத்தென்று கீழே வருவாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அவர் இருக்கிறாரா இல்லையா என்று அவள் முதுகுக்குத் தெரியும். ஏறிப் படுத்ததும் குதிகாலால் அவள் தூளியை ஒரு தள்ளுத் தள்ளுவார். அது குட் நைட். அடுத்த நிமிஷம் குறட்டை ஆரம்பித்துவிடும். பறவைகள் வேறு மரம் தேடிப் போகிற அளவுக்குக் குறட்டை.

போன மழைக்காலத்தில்தான் அது நடந்தது. சாப்பிட்டுவிட்டு இருவரும் மதியத் தூக்கம் போட்டிருந்தார்கள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அப்போது இருந்தது சின்னத் தார்ப்பாய், நீளம் பார்த்து வாங்கியது. காற்று திரும்பியதும் அவர் பக்கத்து மூலை படபடவென்று அடித்துக்கொண்டது. கயிறு கட்டிய முளை பிடுங்கிக்கொண்டது, மேலே வைக்க நல்ல கல்லாகப் பார்த்து எடுத்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கினார். குருவி ஒரு சாண் கீழே வந்தாள். அரைத் தூக்கத்தில் உம் கொட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சாண் மேலே போனாள். வந்துவிட்டார் என்று நிம்மதியாகத் தூங்கிப் போனாள்.

மழை விட்டதும் எழுந்து பார்த்தால் பக்கத்துத் தூளியில் ஆள் இல்லை. துணி மட்டும் தாழ்ந்து, வயிறு தள்ளித் தொங்கியது. மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தாள். சொட்டு ஈரமில்லை. அப்போது அதைப் பற்றி யோசிக்க யாருக்கு மனம் இருந்தது? பெயர் சொல்லிக் கத்தினாள், ஓடினாள், விழுந்தாள். வனக்காவலர்கள் வந்து தேடினார்கள். மறுநாள் சாயங்காலம் ஒரு பாறையின் கீழே அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. விடியவிடிய மழை கொட்டியிருந்தும் சட்டை நனையவில்லை. "பாறை காப்பாத்திருச்சும்மா" என்றார் ஒரு காவலர். குருவி அந்தப் பாறையைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தூளிகளை அவிழ்த்து, சுருட்டி, பைக்குள் திணித்து, வீட்டுக்கு வந்ததும் பரணில் போட்டாள். திணிக்கும்போதே கனத்தது. ஈரம் என்று நினைத்தாள்.

போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. அதை யாரும் குறைத்துப் பேசிவிட முடியாது. கொஞ்ச நாள் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவரும் முன்னைவிடப் பிரியமாக இருந்தார். பாத்திரம் துலக்கினார். அக்கா வந்தால் முதல் ஆளாக எழுந்து நாற்காலி போட்டார். எல்லாவற்றுக்கும் மேலாகக் குறட்டை நின்றுவிட்டது. காட்டுக்கு ஒரு நன்றி சொல்லணும், மாப்பிள்ளையைத் திருத்தி அனுப்பியிருக்கு என்று அக்கா சிரித்தாள்.

ஆனால் சில்லறை விஷயங்கள் சில, செருப்பில் புகுந்த மணல் மாதிரி, நடக்கும்போதெல்லாம் உறுத்தின. கட்டிலில் அவர் பக்கம் மெத்தை பள்ளமாகும், குருவி உருண்டு அந்தப் பக்கம் போவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இப்போது உருளவில்லை. மாடிப்படியில் ஒரு பலகை அவர் மிதித்தால் மட்டும் முனகும். இப்போது முனகவில்லை. வேலைக்கு இன்னும் போகவில்லை, லிஃப்டில் ஏறுவதும் இல்லை, எத்தனை மாடியானாலும் படிதான். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார். அவளைச் சொந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். குருவி என்று ஒருமுறைகூட அவர் வாயில் வரவில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னால் என்ன சொல்வாள்? நல்ல புருஷன் கிடைத்தால் நொள்ளை சொல்லக் காரணம் தேடுகிறாய் என்பாள். அது நியாயமும்கூட. கண்ணால் பார்த்தால் அவர்தான். காதால் கேட்டால் அவர் குரல்தான். அப்புறம் என்ன? மனசு கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியாது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுபடி காட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது அவர்தான். அதே இடத்துக்கு, இந்தத் தடவை நல்ல பெரிய தார்ப்பாயாக வாங்கிக்கொண்டு. குருவிக்கும் ஆசை இருந்தது. பயந்த இடத்துக்கு ஒருமுறை போய்வந்தால்தான் பயம் தெளியும் என்று அவளும் நினைத்தாள். சண்டை வந்தது தூளியில்தான். பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்றார் அவர். தையல் ஒன்றுகூட விடாத தூளியை எதற்குப் போட வேண்டும் என்றாள் அவள். பரணிலிருந்து அதை இறக்கக்கூட அவர் கை கொடுக்கவில்லை. அவளே நாற்காலி போட்டு ஏறி, இழுத்து, அது மேலே விழாமல் தப்பித்தாள். கடைக்குக் கொண்டுவந்ததும் அவள் பிடிவாதத்தால்தான். தூளிக்கு ஏற்றபடிதானே தார்ப்பாய்?

கடையில் தார்ப்பாய்கள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். முதலில் வந்தது மெல்லிசு, மடித்தால் கைக்குள் அடங்கும். குருவி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வேண்டாம் என்றாள். அடுத்தது கனத்தது, அகலமும் உண்டு. ஆனால் இரண்டு துண்டைச் சேர்த்த தையல் நட்டநடு முகட்டில் ஓடியது. விரலால் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தாள். ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாசல். ரெண்டு தூளிக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒழுகும் என்றாள். மூன்றாவதில் நடுத்தையல் இல்லை. ஒரே துணி, நல்ல அகலம், ஓரமெல்லாம் பட்டை வைத்துத் தைத்து, கயிறு மாட்டப் பித்தளைக் கண்கள். அவள் தலையை ஆட்டினாள்.

"இதவிடப் பெருசு இருக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

"இதுக்கு மேலன்னா கல்யாணப் பந்தல்தான் சார்" என்றார் கடைக்காரர். ஆனாலும் உள்ளே ஒன்று இருக்கிறது, மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம், வேண்டுமானால் எடுக்கிறேன் என்றார். முதலில் இதைக் கட்டிப் பார்க்கலாம் என்றாள் குருவி.

கடைக்குப் பின்னால் சிமெண்ட் தளம் போட்ட ஒரு முற்றம். மூன்று பக்கமும் பக்கத்துக் கட்டடங்களின் சுவர்கள், ஒரு பக்கம் தெருவுக்குத் திறக்கும் இரும்புக் கதவு. நடுவில் இரண்டு இரும்புத் தூண்கள். வாங்குகிறவர்கள் கட்டிப் பார்ப்பதற்காகவே கடைக்காரர் நட்டு வைத்திருந்தார். ஒரு மூலையில் தண்ணீர்க் குழாயும் நீள ரப்பர் பைப்பும். தார்ப்பாயின் யோக்கியதை தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும், பேசினால் தெரியாது என்பது அவர் கொள்கை.

பையைத் தூக்க வந்த கடைக்காரர் ஒருமுறை தூக்கிவிட்டு, கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "உள்ள என்னம்மா, அம்மிக்கல்லா?" என்றார். குருவியும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து வந்தார்கள். வீட்டுக்காரர் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

வளையம் மாட்டி ஒரே கயிற்றில் இரண்டையும் கட்டுவதைப் பார்த்துக் கடைக்காரர் தலையில் கை வைத்தார். இப்படிக் கட்டினால் ஒருத்தர் புரண்டால் இன்னொருத்தருக்குத் தூக்கம் போச்சு என்றார். குருவி கட்டி முடித்து, பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். அவளுடைய தூளி மேலே நின்றது. அவருடைய தூளி முடிச்சு இடிக்கும்வரை இறங்கி, வயிறு தள்ளித் தொங்கியது.

"ஈரமா வெச்சிருந்தீங்களா?" கடைக்காரர் போய் அந்தத் துணியைத் தடவினார். பிறகு கையைத் தட்டிக்கொண்டார். நன்றாகத்தான் காய்ந்திருந்தது. கயிறு ஒரு பக்கமாகச் சிக்கியிருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தார்ப்பாயை விரித்துக் கட்டப் போனார். முகட்டுக் கயிறு, நாலு மூலைக் கயிறு, கயிறு வழியாகத் தண்ணீர் வழிந்து தூளிக்குள் இறங்காமலிருக்கத் தொங்கவிடும் சின்ன நூல், எல்லாம் பதமாகச் செய்தார். முற்றத்தின் வெளிச்சம் தார்ப்பாய்க்குக் கீழே மங்கலாயிற்று.

ரெண்டு பேரும் ஏறிப் படுங்கள், தண்ணீர் விடுகிறேன் என்றார் கடைக்காரர். வீட்டுக்காரர் வரவில்லை. முதுகு வலி என்றார். பிறகு, புதுத் தூளி வாங்கினால் அதில் படுக்கிறேன் என்றார். கழுவுற மீனில் நழுவுற மீன் மாதிரி அவர் நழுவுவது குருவிக்கு எரிச்சலாக இருந்தது. சரி, நானே பார்க்கிறேன் என்று தன் தூளியில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் ஆளில்லாமல் உட்கார்ந்தால் ஒரு சாண் கீழே போக வேண்டும். எத்தனை வருஷப் பழக்கம். அதற்குத் தயாராக உடம்பை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். தூளி இறங்கவில்லை. காலைத் தூக்கி வைத்து முழுப் பாரத்தையும் போட்டுப் படுத்தாள். அப்போதும் இறங்கவில்லை. மேலேயே நின்று லேசாக ஆடியது.

 கயிறு சிக்கியிருக்கிறது, கயிறுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கையை எட்டி வளையத்துக்கு மேல் கயிற்றைச் சுண்டிப் பார்த்தாள். சிக்கவில்லை. தாராளமாக ஓடியது. அவள் கொஞ்சம் புரண்டால் அந்தப் பக்கமும் கொஞ்சம் அசைந்தது. மறுபக்கம் பாரம் இருந்தது, அவ்வளவுதான்.

கடைக்காரர் மூலையிலிருந்து பைப்பைத் திறந்துவிட்டார். தார்ப்பாய் மேல் தண்ணீர் சடசடவென்று விழுந்தது. அதே சத்தம். அன்று மதியம் அரைத் தூக்கத்தில் கேட்ட சத்தம். குருவி தன்னை அறியாமல் கண்ணை மூடினாள். அப்போது துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குதிகால் அவள் தூளியை ஒரு தள்ளுத் தள்ளியது.

கண்ணைத் திறந்து பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. பார்க்கவும் தேவையிருக்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். தீர விசாரிப்பதற்கு அவளிடம் இருந்தது முதுகு ஒன்றுதான். அந்த முதுகுக்கு இந்தப் பாரம் தெரியும். இது வெறும் கனம் இல்லை. இவ்வளவு பெரிய உடம்பு எவ்வளவு மெதுவாக மூச்சு விடும், விடும்போது தூளி எவ்வளவு ஏறி இறங்கும் என்றெல்லாம் தெரியும். அன்று அவர் கல் எடுக்கப் போய்த் திரும்பி வந்துதான் படுத்திருக்கிறார். அவள்தான் எழுந்து, ஆளில்லை என்று கண் சொன்னதை நம்பி, அவரையும் சேர்த்துச் சுருட்டிப் பரணில் போட்டிருக்கிறாள். இத்தனை மாதம், அந்தப் புழுக்கத்தில், அந்த இருட்டில்.  அழுகை வந்தது. பயத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது.

கண்ணைத் திறந்தபோது தார்ப்பாய் விளிம்புக்கு வெளியே வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். விளிம்பிலிருந்து தண்ணீர் திரை மாதிரி இறங்கி அவர் தோளிலும் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது. சட்டை நனையவில்லை. கடைக்காரர் முற்றத்துக் கோடியில், தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம், பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இது தெரியவில்லை.

"பழச இங்கயே விட்டுடலாம்" என்றார் வெளியே நின்றவர். குரலில் கோபம் இல்லை. "புதுசா ரெண்டு எடுத்துக்கலாம்."

குருவி அந்தத் தூளியைக் காட்டி, இதில் ஏறிப் படுங்கள், ஒரே ஒரு தடவை, அப்புறம் விட்டுவிடலாம் என்றாள்.  ஏறிப் படுத்துவிட மாட்டாரா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். படுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அவளுடைய முதுகுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடலாம்.

அவர் அந்தத் தூளியையே பார்த்தார்.

"அதுலதான் ஆள் இருக்கே" என்றார்.

 குருவி தன் தூளியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நீங்கள் யார் என்று அவள் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"மழைக்கு ஒதுங்கினேன். அவர் வந்து படுத்துட்டாரு, அவரோட உருவம் மட்டும் வெளிய சும்மா நின்னுச்சு. அதுக்குள்ள ஒதுங்கினேன். நான் உன்ன நல்லா வெச்சுக்கலயா?"

வைத்துக்கொண்டார்தான். அதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பாத்திரம் துலக்கியது, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாம் இவர்தான். அந்தக் கை காய்ச்சலுக்கு எவ்வளவு இதமாகக் குளிர்ந்து கிடந்தது என்பதும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். இந்தப் பிடாரி யாரையும் விரட்டவில்லை. காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தது, அவ்வளவுதான். இவரை வைத்துக்கொண்டால் கதவைத் திறக்க ஒரு ஆள் உண்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிட ஒரு முகம் உண்டு, அக்காவுக்குச் சொல்ல ஒரு பதில் உண்டு. இவரை அனுப்பினால் கையில் மிஞ்சுவது ஒரு துணி. அதில் ஒரு பாரம். வாழ்நாள் முழுக்க ஒரு பாரத்தின் பக்கத்தில் படுத்திருக்கும் பொம்பளையை ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

"ரெண்டு பேருக்கு இது போதுமாம்மா?" கடைக்காரர் அந்தப் பக்கமிருந்து சத்தமாகக் கேட்டார். "இல்ல, அந்த மூணு பேர் படுக்கறத எடுக்கவா?"

வெளியே நின்றவர் அவள் முகத்தையே பார்த்தார். தண்ணீர் அவர் மேல் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கும் இடம் வேணும்ல என்று கடைவாசலில் சிரித்தபடி சொன்னது நினைவுக்கு வந்து அவளைப் பிசைந்தது. பாவம்தான். மழையில் நிற்கிற எதுவும் பாவம்தான். ஆனால் பக்கத்தில் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மூச்சை இரண்டாம் முறையும் சுருட்டிவிட்டுப் போக அவளால் ஆகாது.

"இதுவே போதும்" என்றாள். "ரெண்டு பேருக்குத்தான்."

அவர் தலையை ஆட்டினார், கணக்கு சரி என்று ஒத்துக்கொள்வதுபோல. பிறகு திரும்பி, ஈர முற்றத்தைக் கடந்து, இரும்புக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். தேங்கியிருந்த தண்ணீரில்தான் நடந்தார். அது சலசலக்கவில்லை. தெருவில் யாரோ அவருக்கு வழிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் பார்க்கவில்லை.

கடைக்காரர் குழாயை மூடினார். பைப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே தார்ப்பாய்க்குக் கீழே குனிந்து வந்தார். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை பார்த்தீர்களா என்று பெருமை அடித்துக்கொண்டார். சார் எங்கே, கட்டிக் கொடுத்துவிடலாமா, இதை அவிழ்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே அந்தத் தாழ்ந்த தூளியின் முடிச்சில் கை வைத்தார்.

"அவுக்காதீங்க" என்றாள் குருவி.

இறங்க அவளுக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு மாதிரி எழுந்து பார்த்து, மறுபடியும் கண்ணை நம்பிவிட்டால்? ஒரு கையை மட்டும் மெதுவாக நீட்டிப் பக்கத்துத் தூளியின் துணி மேல் வைத்தாள். தானே தைத்த துணி, தானே போட்ட தையல். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

கடைக்காரர் முடிச்சிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றார். தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டார். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார், சுவர்களைப் பார்த்தார், அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை தன் கைக்குக் கீழே இருந்த வெறுந்தூளியில் வந்து நின்றது. 

"யாரும்மா குறட்டை விடுறது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் குருவி. "மெதுவா பேசுங்க. அசந்து தூங்குறாரு."